ஆள் தேறி வர வேண்டும்

மகளே,

இதய அறுவைப் பிரிவின் ஐசியூவில் உனக்குச் செவிலியாக இடம் கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். படிப்பை முடித்த கையோடு அந்த வார்டுக்குப் போவது பெரிய காரியம். மானிட்டரும் வென்டிலேட்டரும் மருந்து பம்புகளும் முதலில் உன்னைப் பயமுறுத்தும். சில மாதங்களில் அவை கைக்கு வந்துவிடும். உன் சீனியர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைப்பது அந்தக் கருவிகளுக்கு நடுவில் படுத்திருக்கும் வயதானவர்களைப் பற்றி.

1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அந்தக் காலத்தில் எழுபது வயதுக்காரரை இதற்கு எடுக்கவே தயங்குவார்கள். இப்போது எண்பதிலும் செய்கிறார்கள். அறுவை நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆள் தேறி வர மாதக்கணக்கில் ஆகிறது. இதயம் சரியான பிறகும் பழைய ஆளாகத் திரும்பாமல் போனவர்களை என் செவிலி வேலையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் சில நாட்களில் நாங்கள் நல்லது என்று நம்பிச் செய்த காரியங்களுக்கும் அதில் பங்கு உண்டு. எல்லா ஊரிலும் அப்போது அப்படித்தான் செய்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஆராய்ச்சி வந்து திருத்தியது. நீ திருத்திய பாடத்திலிருந்தே தொடங்கு.

1. ஆளைத் தெரிந்துகொள்

கேஸ் ஷீட்டில் வயதும், எத்தனை அடைப்பு என்பதும், சர்க்கரை எவ்வளவு என்பதும் இருக்கும். அவரை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், எந்தக் காது நன்றாகக் கேட்கும், கண்ணாடி போடுவாரா, பல்செட் உண்டா, இந்த ஒரு வருஷத்தில் மறதி வந்திருக்கிறதா என்பதெல்லாம் இருக்காது. வெளியே காத்திருக்கும் மனைவியிடமோ மகளிடமோ இவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள். குடிப்பழக்கம் உண்டா என்பதை மட்டும் மனைவியைத் தனியாக அழைத்துக் கேள். மகன்கள் முன்னால் அவள் சொல்ல மாட்டாள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, பிதற்ற ஆரம்பிப்பார். முன்பே தெரிந்தால் டாக்டர் தக்க மருந்தைத் தொடங்கிவிடுவார்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். விசைப்படகு ஓட்டியவர். ‘தாத்தா’ என்று நாங்கள் கூப்பிடக் கூப்பிட முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சுப் பயிற்சிக்கும் வரவில்லை, சாப்பிடவும் இல்லை. மகன் உள்ளே வந்து, “எங்க ஊர்ல எல்லாரும் டிரைவர்னுதான் கூப்பிடுவாங்க சிஸ்டர்” என்றான். அடுத்த ஷிப்டில் ஒரு பெண் “டிரைவரண்ணே, எந்திரிக்கலாமா?” என்று கேட்டாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். பெரிய வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை. தான் யார் என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

2. அறுவைக்கு முந்தின நாளே ஒரு முறை போய்ப் பார்

முடிகிற நாளில் எல்லாம் போ. நாளை கண் விழிக்கும்போது தொண்டையில் ட்யூப் இருக்கும், பேச்சு வராது, அது சில மணி நேரத்துக்குத்தான், நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லி வை. இதைக் கேட்டுவிட்டுப் போனவர் விழிக்கும்போது திமிறுவது குறைவு.

அவர் நடப்பதையும் கவனி. 2010இல் ஓர் ஆய்வு வந்தது. எழுபதும் அதற்கு மேலும் ஆனவர்களை இதய அறுவைக்கு முன் 5 மீட்டர் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 6 நொடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு மரணமோ பெரிய சிக்கலோ நேரும் ஆபத்து மூன்று மடங்காக இருந்தது. மெதுவாக நடக்கிறவர் என்று தெரிந்தால் அவருக்கு உன் நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கு. மூன்று பந்து உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியையும் அன்றைக்கே கையில் கொடுத்துப் பழக்கு. பெரும்பாலோர் அதைப் பலூன் மாதிரி ஊதுவார்கள். “ஊதாதீங்க ஐயா, இளநீர் உறிஞ்சுற மாதிரி உள்ளே இழுங்க” என்று சொல். உள்ளே இழுத்தால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும், சளி தேங்காது.

3. குழம்பியவரோடு வாதாடாதே, கையையும் கட்டாதே

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வயதானவர்கள் இந்த வார்டில் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

அறுவைக்குப் பிறகு இரண்டாவது இரவோ மூன்றாவது இரவோ அந்தக் குழப்பம் வரும். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் கூரையில் எறும்பு ஊர்கிறது என்பார். பஸ் போய்விடும் என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். உன்னையே திருடி என்று ஏசுவார். பகலில் தெளிந்து, இரவில் மறுபடி குழம்புவார். எங்கள் காலத்தில் இதற்கு ‘ஐசியூ சைக்கோசிஸ்’ என்று ஒரு பெயர் வைத்திருந்தோம். பெயர் வைத்தாயிற்று என்பதால் காரணம் தேடவில்லை. காஸ் பேண்டேஜைச் சுற்றிக் கையைக் கட்டில் கம்பியோடு கட்டுவோம்; தூக்க ஊசி போடுவோம். கட்டின கை இன்னும் திமிறும். தூக்க ஊசி மறுநாள் குழப்பத்தை இன்னும் கூட்டும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், வால்வு மாற்றியவர். விடிகாலையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மாடு கத்துகிறது, பால் கறக்க வேண்டும் என்றார். “இது ஆஸ்பத்திரிம்மா, மாடு எதுவும் இல்லை, படுங்க” என்று டியூட்டியில் இருந்த பெண் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது. நெஞ்சிலிருந்து நீர் வடிக்கும் ட்ரெய்ன் குழாயைப் பிடித்து இழுத்தார். அப்போது வார்டு ஆயாம்மா மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். “எத்தனை மாடு வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். இரண்டு என்றார். “கறவை எது? கன்னு என்ன கன்னு?” என்று பேச்சு போயிற்று. “உங்க மருமக கறந்துருவா, நீங்க செத்த கண்ண மூடுங்க” என்று ஆயாம்மா அவர் உள்ளங்காலைத் தடவிவிட்டாள். கால்மணி நேரத்தில் தூங்கிவிட்டார். நாங்கள் படித்ததில் இல்லாத ஒன்றை அவள் தெரிந்துவைத்திருந்தாள்: பயந்திருப்பவரிடம் ‘நீ சொல்வது பொய்’ என்று நிரூபிப்பதால் பயம் போகாது.

பேசி அமர்த்தியதும் காரணத்தைத் தேடு. ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மூத்திரம் கட்டியிருக்கிறதா, மலச்சிக்கலா, வலியா, மிடசோலம் போன்ற தூக்க மருந்து போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டாக்டரிடம் சொல். வயதானவர்களின் உடம்பில் எங்கோ நடக்கும் கோளாறு பல நேரம் முதலில் தலையில்தான் தெரியும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரும் குழப்பத்தில் இருக்கலாம். அவரைத்தான் ‘நல்ல பேஷண்ட்’ என்று விட்டுவிடுவோம். அவரைக் கண்டுபிடிக்கவே அமெரிக்காவில் வெஸ்லி ஈலி என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2001இல் ஒரு சிறு சோதனையை வகுத்துத் தந்தார்கள். எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, குறித்த எழுத்து வரும்போது மட்டும் உன் கையை அழுத்தச் சொல்வது அதில் ஒரு பகுதி. ட்யூப் இருப்பவருக்கும் செய்யலாம். ஒவ்வொரு ஷிப்டிலும் செய்.

தடுப்பதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. 1999இல் ஷாரன் இனோயி என்ற மருத்துவர் மருத்துவமனையில் சேர்ந்த எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தது இதுதான்: கண்ணாடியையும் காது கருவியையும் திருப்பிக் கொடுத்தார், என்ன நாள் எந்த இடம் என்று அவ்வப்போது சொல்லவைத்தார், நடக்க வைத்தார், தண்ணீர் குடிக்கவைத்தார், இரவில் தூங்கவிட்டார். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த குழப்பம் இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. கண்ணாடி இன்னும் வீட்டுக்காரர் பையிலேயே இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பார்.

4. தூக்கத்தைத் திருடாதே

நைட் டியூட்டியில் எல்லா வேலையையும் முடித்து ஒப்படைக்க வேண்டும் என்று விடிகாலை நாலு மணிக்கே ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மூன்று மணிக்குத்தான் கண்ணயர்ந்த மனிதரை எழுப்பித் துடைப்பதில் என்ன கருணை இருக்கிறது? உன்னால் உடனே மாற்ற முடியாது. இன்சார்ஜிடம் பொறுமையாகப் பேசு. மாறும்வரை உன் கட்டிலில் உன்னால் முடிந்ததைச் செய். ரத்தம் எடுப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு இடையில் இரண்டு மணி நேரம் தொடாமல் விடு. விளக்கைத் தணி. காலையில் திரையை விலக்கி வெளிச்சம் முகத்தில் படவிடு.

5. பேச முடியாதவரின் பேச்சைக் கேள்

தொண்டையில் ட்யூப் இருப்பவர் கையை ஆட்டுவார். ட்யூபைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று எல்லோரும் ஓடிவருவார்கள். பல தடவை அவர் தண்ணீர் கேட்டிருப்பார், அல்லது முதுகுக்கடியில் மடிந்து கிடக்கும் விரிப்பைச் சொல்லியிருப்பார். அட்டையில் எழுத்துகளை எழுதி வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்வது நம் மொழியில் சுலபம் இல்லை. உயிர்மெய் வரிசையில் விரல் தேடித் தேடி ஓய்ந்துவிடும். படம் வரைந்து வை. தண்ணீர் டம்ளர், வலிக்கும் நெஞ்சு, மூச்சு, மூத்திரம், குளிர், மகன், மனைவி. படிக்கத் தெரியாதவருக்கும் அது உதவும். வேலூரிலும் சென்னையிலும் மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து படுத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக வங்க மொழியில் நாலு சொல் கற்றுக்கொள். ‘ப்யாதா’ என்றால் வலி. தண்ணீரை ஒருவர் ‘ஜோல்’ என்பார், இன்னொருவர் ‘பானி’ என்பார். இரண்டும் அவர்கள் வீட்டுச் சொல்தான்.

ட்யூப் எடுத்த பிறகு எல்லோரும் முதலில் கேட்பது தண்ணீர். அவசரப்பட்டு டம்ளரைக் கொடுத்துவிடாதே. ட்யூப் இருந்த தொண்டை சரியாக விழுங்காது, தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த காஸால் உதட்டையும் நாக்கையும் திரும்பத் திரும்ப ஈரப்படுத்து. அது சின்ன வேலைதான், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. டாக்டர் அனுமதித்ததும் நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கொடு. இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுச் சொல்.

6. படுக்கையை நம்பாதே

ஓய்வு எடுக்க எடுக்க உடம்பு தேறும் என்று நாங்கள் நம்பினோம். வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் நம்புகிறார்கள். 2007இல் நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள்; கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோனது. நெஞ்சைத் திறந்து மூடியவருக்கு எவ்வளவு கரையும் என்று நீயே யோசி. 2009இல் வேறோர் ஆய்வு. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கே தினமும் மயக்க மருந்தை நிறுத்திய நேரத்தில் கை காலை அசைக்கவைத்து, உட்காரவைத்து, நிற்கவைத்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேர் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் வீடு போனார்கள்; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 35 சதவீதம்தான். படுத்த கால் பாரம், நடந்த கால் பலம்.

நிதானமாகச் செய். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும். தலை சுற்றுகிறதா என்று கேள், ரத்த அழுத்தத்தைப் பார். பிறகு நாற்காலி. பிறகு நாலு அடி. ட்ரெய்ன் பாட்டிலை ஒருவர் நெஞ்சுக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு வரட்டும். நடு நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது கூடி வர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். ஆகவே அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே, கையைப் பிடித்து இழுக்காதே. தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தொடையில் பலம் கொடுத்து அவரே எழட்டும். இருமும்போதும் அந்தத் தலையணை வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் நாடி தாறுமாறாக ஓடலாம். பைபாஸ் ஆனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அப்படி ஆகும், வயது ஏற ஏற இன்னும் அதிகம். பதறாதே. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு. மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பயந்துபோய் மறுபடி படுக்கையோடு கட்டிப்போடாமல் எப்போது நடக்கலாம் என்று டாக்டரிடமே கேள்.

7. “பரவாயில்லைம்மா” என்பதை நம்பாதே

நம் வீட்டுப் பாட்டிகள் வலி என்று சொல்ல மாட்டார்கள். உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைப்பார்கள். “வலிக்குதா?” என்று படுத்திருக்கும்போது கேட்காதே. இருமச் சொல்லிக் கேள், புரளச் சொல்லி முகத்தைப் பார். வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி கட்டும். சளி கட்டினால் காய்ச்சல். வலி மாத்திரையை அவர் கேட்டபின் கொடுப்பதைவிட டாக்டர் எழுதிய நேரத்துக்குக் கொடுப்பது நல்லது. நடக்கவைப்பதற்கு அரைமணி முன்னால் மாத்திரை போயிருந்தால் இன்னும் நல்லது.

8. சாப்பாட்டுத் தட்டைத் திறந்து பார்

தட்டு வந்தது, போனது என்று எழுதினால் போதாது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார். பைபாஸுக்குப் பிறகு பலருக்கு வாரக்கணக்கில் ருசி தெரியாது. சிலருக்கு எல்லாம் கசக்கும். பல்செட் இல்லாமல் சப்பாத்தியை எதிரே வைத்தால் என்ன செய்வார்? கரைந்த சதை திரும்ப வர வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு எழுபது கிராம் என்று வைத்துக்கொள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. கஞ்சியும் ரசம் சாதமும் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் எழுந்து நடக்க மாட்டார். முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொல். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள். உயிர் பிழைத்ததற்காக மண்டலக் கணக்கில் அசைவத்தை விட்டுவிடுவதாக வேண்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்ப்பாய். கேலி செய்துவிடாதே. சாமிக்குச் செய்ய வேண்டியதை ஆறு மாதம் கழித்துச் செய்யலாமே, இப்போது அவருக்குத் தெம்பு வரட்டும் என்று மெதுவாகச் சொன்னால் கேட்பார்கள்.

9. உறவினரை வாசலில் நிறுத்தாதே

முதல் முறை உள்ளே அழைத்து வருவதற்கு முன் என்ன பார்க்கப்போகிறாள் என்று அந்த மனைவியிடம் சொல்லிவிடு. முகம் உப்பியிருக்கும், கை சில்லென்று இருக்கும், வாயில் குழாய் இருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. சொல்லாமல் அழைத்துப் போனால் திரும்பிவந்து கீழே விழுவாள். சொல்லிவிட்டுப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். மயக்கத்தில் இருப்பவர் அந்தக் குரலைக் கேட்டு அமைதியாவதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

10. கை கழுவு. செய்யாததைச் செய்ததாக எழுதாதே.

இவ்விரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் நீ எப்படி இருக்கிறாயோ அதுதான் உன் வேலை.

11. அழுகிறவரை அழவிடு

வாழ்நாளில் பிள்ளைகள் முன் கண் கலங்காத மனிதர், ஐசியூவிலிருந்து ஸ்டெப் டவுன் வார்டுக்குப் போன பிறகு காபி டம்ளரைப் பார்த்து அழுவார். பேரன் பெயர் மறந்துபோயிற்று என்று அழுவார். கணக்குப் பார்க்க முடியவில்லை என்பார். இது பலருக்கும் நடப்பது என்று அவரிடம் சொல். 2001இல் வந்த ஓர் ஆய்வில் பைபாஸ் செய்தவர்களில் வீடு போகும் நேரத்தில் 53 சதவீதம் பேருக்கு நினைவும் கவனமும் குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாக இறங்கியிருந்தது. பெரும்பாலோருக்குத் திரும்ப வரும் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் இருண்டே இருந்தால், சாப்பிடாமல் யாரோடும் பேசாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்து வரச் சொல். பழையபடி ஆக மருந்தும் பேச்சும் உண்டு.

ஐசியூவில் கழிந்த நாட்கள் சிலருக்குச் சுத்தமாக நினைவிருக்காது. சிலருக்குக் கொடுங்கனவாக மட்டும் நினைவிருக்கும். தன்னை யாரோ கட்டிவைத்துக் கொல்லப் பார்த்தார்கள் என்று நிஜமாகவே நம்புவார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, இன்று என்ன நடந்தது, யார் வந்து பார்த்தார்கள், எப்போது கண் திறந்தார் என்று தினமும் எளிய நடையில் நாலு வரி எழுதினார்கள். பிறகு அதை அவரிடமே கொடுத்தார்கள். அந்த நோட்டைப் படித்தவர்களைக் கொடுங்கனவும் பீதியும் துரத்துவது குறைந்தது என்று 2010இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. நீளமாக ஐசியூவில் தங்குகிறவருக்கு நீயும் ஒரு நோட்டு தொடங்கு. வீட்டுக்காரர்களும் அதில் எழுதட்டும்.

12. எல்லோரும் தேறுவதில்லை

சிலருக்குச் சிறுநீரகம் நின்றுபோகும்; சிலரை வென்டிலேட்டரிலிருந்து எடுக்கவே முடியாமல் வாரங்கள் ஓடும். அந்தக் கட்டிலை மட்டும் எல்லோரும் வேகமாகக் கடந்துபோவார்கள். நீ அப்படிப் போகாதே. வாயைத் துடைத்துவிடு, தலையைச் சீவிவிடு, பெயர் சொல்லிக் கூப்பிடு. டாக்டர் உறவினரோடு பேசும்போது நீயும் கூட இரு. அவர் சொன்னதில் பாதிதான் அவர்கள் காதில் ஏறியிருக்கும். பிறகு உன்னிடம் வந்து கேட்பார்கள். பொய்யான தைரியம் சொல்லாதே. நோயாளி நினைவோடு இருந்தபோது எதை விரும்பினார், எதை வேண்டாம் என்பார் என்று அவர்களிடம் கேள். குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் அதுவரை பேசியிருக்க மாட்டார்கள். ஒரு பெரியவரின் மகள் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்பா எங்க முற்றத்துல படுக்கணும்னுதான் சொல்லுவார்” என்றாள். டாக்டரும் குடும்பமும் பேசி முடிவெடுத்து, வலி தெரியாமல் இருக்க ஏற்பாடு செய்து, அவரை ஊருக்கு அழைத்துப்போனார்கள். அதையும் நான் நல்ல செவிலிப் பணியில்தான் சேர்ப்பேன்.

13. வீட்டுக்கு அனுப்பும்போது மருமகளுக்குக் கற்றுக்கொடு

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். நீ ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடு. மாத்திரைக்குப் பக்கத்தில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து கொடு. தினமும் காலையில் எடை பார்க்கச் சொல். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு திணறினாலோ உடல் நீரைத் தேக்குகிறது என்று அர்த்தம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், புண்ணில் நீர் கசிந்தால், புரளும்போது நெஞ்செலும்பு ‘கிளிக்’ என்று ஒலித்தால் உடனே வர வேண்டும். உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. கீரையை அவர் அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்திருந்தால் உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும்.

இதையெல்லாம் யார் செய்யப்போகிறார்கள் என்று பார், அவளிடம் சொல். பெரும்பாலும் மகன் தலையாட்டுவான், செய்வது மருமகளாகவோ எழுபது வயது மனைவியாகவோ இருக்கும். அவர்கள் கையாலேயே ஒரு முறை அவரை எழுப்பி உட்காரவைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிவந்து பிசியோதெரபி செய்கிறார்கள். தூரத்து ஊர்க்காரருக்கு அது பெரிய துணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்.

14. ரிவ்யூ நாளில் போய்ப் பார்

ஐசியூவில் வேலை செய்கிறவளுக்கு அங்கிருந்து வெளியே போனவர் என்ன ஆனார் என்று தெரியாது. அதனால் சில வருஷங்களில் மனம் மரத்துப்போகும். மாதம் ஒரு முறையாவது ஓபியில் ரிவ்யூவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் போய்ப் பார். உன்னை அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்கலாம், வருத்தப்படாதே. எக்கோ எப்படி என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். நீ வேறு கேள்: காலையில் எழுந்ததும் என்ன செய்கிறீர்கள், வாசல்வரை நடக்கிறீர்களா, கடைக்குப் போகிறீர்களா, ராத்திரியில் பயமுறுத்தும் கனவு வருகிறதா, குளிக்கும்போது துணை வேண்டியிருக்கிறதா. அருகில் நிற்கும் மனைவியையும் கேள், நீங்கள் தூங்குகிறீர்களா என்று. கனவு வருகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல். நடக்கவில்லை என்றால் பிசியோதெரபி அறைக்கு நீயே கூட்டிக்கொண்டு போ. அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பி வா. உன் இன்சார்ஜ் நாலு மணி ஸ்பாஞ்ச் பாத்தை மாற்றத் தயங்கினால் அந்த நோட்டைக் காட்டு.

உன் பெரியம்மா